கார்ல்ஸ்ரூகே நகரத்துக் கால்பந்துக் கழகம்

ஜெர்மனி நாட்டிலே கால்பந்தாட்டத்தில் முதன்மை எய்திய கழகங்களின் பெயர்வரிசை ஒன்று 1903-ஆம் ஆண்டு தொடங்கி எழுதப்பட்டு வருகின்றது. மியூனிக், ஹாம்பர்க், டார்ட்மண்ட் என உலகறிந்த பெயர்கள் பல அவ்வரிசையில் உள்ளன. அவற்றினிடையே 1910-ஆம் ஆண்டிற்கு நேரே 'கார்ல்ஸ்ரூகேர் புஸ்பால்பெரைன்' என்றொரு பெயர் காணப்படும். 'கார்ல்ஸ்ரூகே நகரத்துக் கால்பந்துக் கழகம்' என்பதே அதன் பொருள். அந்நகரத்திற்கு வெளியே அப்பெயரை இன்று அறிந்தார் சிலரே. ஜெர்மானியக் கால்பந்தாட்டம் ஓர் ஏணி போல அமைந்தது. உச்சியில் நாடு முழுவதற்கும் உரிய மூன்று வரிசைகளும், அவற்றின் கீழ் மண்டல வரிசைகளும், அவற்றிற்கும் கீழே மாவட்ட வட்டார வரிசைகளும் உள்ளன. யாம் ஈண்டு எழுதப் புகுந்த கழகம் இப்பொழுது அவ்வேணியின் அடிப்படிகளிலே நின்று ஆடுகின்றது.

அரசர் வரலாறும் புலவர் வரலாறும் எழுதவேண்டிய ஏட்டில் ஒரு பந்தாட்டக் கழகத்தின் வரலாற்றை எழுதுதல் தகுமோ என்று நண்பர் சிலர் எம்மை வினவினர். தகும் என்றே யாம் கருதுகின்றோம். தன்னை ஆக்கினோரையும், தனக்குப் புகழ் தேடித் தந்தோரையும் ஒரு கூட்டம் தானே புறந்தள்ளுதல் எவ்வாறு நிகழ்கின்றது என்பது இக்கழகத்தின் வரலாற்றில் தெளிவாகத் தெரிகின்றது. பேரரசுகளின் வரலாற்றிலே இத்தகைய செயல் இலட்சக்கணக்கான உயிர்களின் எண்ணிக்கைக்குள் மறைந்துபோகும். இங்கோ அது மூன்று மனிதருடைய முகத்தோடு நம் முன் வந்து நிற்கின்றது.

கார்ல்ஸ்ரூகே பழைய நகரமன்று. பாடன் நாட்டுக் குறுநில மன்னன் கார்ல் வில்லெல்ம் என்பான் 1715-ஆம் ஆண்டில் அதற்குக் கால்கோள் செய்தான். நடுவே அரண்மனை, அதனின்று விசிறியின் காம்புகளைப் போல நாற்புறமும் பிரிந்து செல்லும் முப்பத்திரண்டு வழிகள். இந்நகரத்துத் தொழிற்கல்லூரியிலேதான் ஹைன்ரிஹ் ஹெர்ட்ஸ் என்னும் அறிஞர் 1886 முதல் 1888 வரை செய்த சோதனைகளால் மின்காந்த அலைகளின் உண்மையை நிலைநாட்டினார். அவர் கார்ல்ஸ்ரூகேயை விட்டுச் சென்ற 1889-ஆம் ஆண்டிலேயே பள்ளிச் சிறுவன் ஒருவன் அங்கே வேறொரு சோதனை செய்தான்.

அச்சிறுவனின் பெயர் வால்தர் பென்ஸெமன். 1873-இல் பெர்லினில் பிறந்தவன். யூத வணிகக் குடும்பத்தின் மகன். சுவிட்ஸர்லாந்தில் மாந்த்ரே என்னும் ஊரிலே பள்ளியிற் பயின்றபொழுது, உடன் பயின்ற ஆங்கிலச் சிறுவரிடமிருந்து கால்பந்தாட்டத்தைக் கற்றான். பின்பு கார்ல்ஸ்ரூகே உயர்நிலைப் பள்ளிக்கு வந்தவன், சுவிட்ஸர்லாந்திலிருந்து ஒரு பந்தை வருவித்தான். ஒரு நாட்காலை அதற்குக் காற்றடைத்து, இடைவேளையிலே பள்ளி முற்றத்தில் தோழரோடு உதைக்கத் தொடங்கினான். சில நிமிடங்களுக்குள் சாளரக் கண்ணாடி ஒன்று உடைந்தது. முற்றத்தில் உலாவிய ஆசிரியர் சினந்து வைதார். பள்ளித் தலைவரோ பொறுமையுடையவர். கண்ணாடியின் விலையைச் சிறுவர் கொடுப்பதாக ஒப்புக்கொள்ளவே, ஆங்கிலேயர் ஆடும் திடல் ஒன்று உண்டு, அங்கே சென்று ஆடுங்கள் என்று அனுப்பிவைத்தார். பென்ஸெமன் பிற்காலத்தில் தாமே எழுதிய செய்தி இது. நம் கல்லூரியிலும் கண்ணாடிகள் உடைந்ததுண்டு. ஆயினும் அவற்றால் ஒரு நாட்டின் விளையாட்டு வளர்ந்ததாக யாம் அறியோம்.

அக்காலத்தில் ஜெர்மானியருக்கு உடற்பயிற்சி என்றால் 'துர்னென்' என்பதே நினைவுக்கு வரும். வரிசையாக நின்று, ஒருவர் கட்டளையிட அனைவரும் ஒருங்கே கையையும் காலையும் அசைத்தலும், கம்பங்களில் ஏறி இறங்குதலும் ஆகிய பயிற்சி அது. பிரவுன்ஷ்வைக் நகரத்துப் பள்ளியாசிரியர் கொன்ராட் கோஹ் 1874-ஆம் ஆண்டிலேயே தம் மாணாக்கருக்குப் பந்தாட்டத்தைக் கற்பித்தாரேனும், பெரியோர் பலர் அதை வெறுத்தனர். கார்ல் பிளாங்க் என்னும் மற்றோர் ஆசிரியர் 1898-இல், கால்பந்தாட்டம் நாகரிகமற்ற உதைப்பு என்றும், ஆங்கிலேயர் கொணர்ந்த நோய் என்றும் இகழ்ந்து ஒரு நூலே எழுதினார். ஆகவே அந்நாளில் பந்தை உதைத்த சிறுவர், விளையாடியதோடன்றித் தம் நாட்டுப் பெரியோரின் கருத்திற்கு எதிராகவும் நின்றனர் என்று கொள்ளல் வேண்டும்.

1891-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 17-ஆம் நாள் பென்ஸெமனும் தோழரும் கூடிக் கார்ல்ஸ்ரூகேக் கழகத்தை நிறுவினர். அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு. எம் வகுப்பில் உள்ளாரினும் இளையர். ஓரிடத்தில் நிலைத்திருக்கும் இயல்பு அவரிடம் இல்லை. தென் ஜெர்மனியில் ஊர்தோறும் சென்று கழகங்களைத் தோற்றுவித்தார். 1899-ஆம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்திலிருந்து ஓர் அணியை வரவழைத்து, பெர்லினிலும் பிராகிலும் கார்ல்ஸ்ரூகேயிலும் ஆட்டங்கள் நடத்தினார். கார்ல்ஸ்ரூகேயில் ஆங்கிலேயர் 7 கோல் அடித்து வென்றனர். எதிர் அணிக்கு ஒன்றும் இல்லை. தோல்வியைக் காட்டிலும், அயல்நாட்டாரோடு ஆடியதே பெரிதென்று பென்ஸெமன் கருதினார். எல்லை கடந்து ஆடும் ஆட்டம் நாடுகளிடையே பகையைக் குறைக்கும் என்பது அவர் வாழ்நாள் முழுதும் கைக்கொண்ட நம்பிக்கை. 1900-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் லைப்ஸிக் நகரத்தில் ஜெர்மானியக் கால்பந்துச் சங்கம் தோன்றியபொழுது, அதனை நிறுவினோருள் அவரும் ஒருவர்.

அச்சங்கம் 1903-இல் முதன்முதலாக நாட்டு முதன்மைக்குரிய போட்டியை நடத்தியது. அந்தந்தப் பகுதியில் வென்ற கழகங்கள் ஒன்றோடொன்று மோதும், தோற்றது விலகும், இறுதியில் எஞ்சியது முதன்மை பெறும். தென் பகுதியின் சார்பாகக் கார்ல்ஸ்ரூகேக் கழகம் புகுந்தது. அதனை எதிர்த்தது பிராகு நகரத்து ஜெர்மானியர் கழகம். ஆட்டம் எவ்விடத்தில் நடைபெறுவது என்னும் வழக்கினால் முதற் சுற்று நடவாமற்போக, இரு கழகங்களும் அடுத்த சுற்றில் லைப்ஸிக்கில் மோதுவதென்று முடிவாயிற்று. கார்ல்ஸ்ரூகே அணியினர் புறப்படவிருந்த சமயத்தில் ஒரு தந்தி வந்தது. போட்டி தள்ளிவைக்கப்பட்டதென்றும், மேற்செய்தி பின்னர் வருமென்றும் அது கூறியது. அதனை நம்பி அவர்கள் ஊரிலேயே இருந்துவிட்டனர். அதுவோ பொய்த் தந்தி! பிராகு அணி லைப்ஸிக்கிற்கு வந்து காத்திருந்தது. எதிரி வாராமையின் அதற்கே வெற்றி எனத் தீர்ப்பாயிற்று. இவ்வாறு அது ஓராட்டமும் ஆடாமலே இறுதியாட்டத்திற்குச் சென்று, மே 31-ஆம் நாள் ஆல்ட்டோனாவில் லைப்ஸிக் கழகத்திடம் 7–2 என்ற கணக்கில் தோற்றது. கார்ல்ஸ்ரூகேயாரின் முறையீடு ஏற்கப்படவில்லை. தந்தியை விடுத்தவர் இன்னார் என்பது கண்டறியப்படவும் இல்லை. ஆடித் தோற்றலினும் ஆடாது தோற்றல் கொடிது என்பதை விளையாடினோர் அறிவர். 1905-ஆம் ஆண்டில் இக்கழகம் இறுதியாட்டம் வரை சென்றும், பெர்லின் யூனியன் கழகத்திடம் 2–0 எனத் தோல்வியுற்றது.

இனி, கழகத்தின் பொற்காலத்திற்கு வருவோம். 1909-இல் நாட்டு முதன்மை கார்ல்ஸ்ரூகேக்கு வந்தது. ஆயின் வந்தது வேறொரு வாயிலுக்கு! அதே நகரத்தில் பீனிக்ஸ் என்னும் மற்றொரு கழகம் இருந்தது; அது பெர்லின் விக்டோரியாவை 4–2 என வென்று முதன்மை பெற்றது. பழைய கழகத்தாருக்கு இது பொறுத்தற்கரியதாயிற்று. அவர்கள் வில்லியம் டவுன்லி என்னும் ஆங்கிலேயரைப் பயிற்சியாளராக அமர்த்தினர். 1890-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கோப்பை இறுதியாட்டத்தில் பிளாக்பர்ன் அணிக்காக மூன்று கோல் அடித்தவர் அவர். கோப்பை இறுதியில் அச்செயலைச் செய்த முதல்வரும் அவரே. பந்தை வானுயர உதைத்துவிட்டு அதன் பின்னே ஓடுதலே ஆட்டம் என்றிருந்தோருக்கு, தரையோடு தரையாகப் பந்தைக் குறுகத் தட்டி ஒருவருக்கொருவர் வழங்கி முன்னேறும் முறையை அவர் கற்பித்தார்.

அம்முறைக்கு ஏற்ற மூவர் கழகத்தின் முன்னணியில் நின்றனர்: பிரிட்ஸ் பெர்டெரர், காட்பிரீட் புக்ஸ், ஜூலியஸ் ஹிர்ஷ். புக்ஸ் 1889-இல் கார்ல்ஸ்ரூகேயிலேயே மர வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிர்ஷ் 1892-இல் அண்மையிலுள்ள ஆகெர்ன் என்னும் ஊரிற் பிறந்து, பத்தாவது வயதில், 1902-இல், கழகத்திற் சேர்ந்தவர்; பதினேழாவது வயதில் முதல் அணிக்கு வந்தவர். பின்னிருவரும் யூதர். ஜெர்மன் மொழியில் 'புக்ஸ்' என்றால் நரி. 'ஹிர்ஷ்' என்றால் கலைமான். சூழ்ச்சியும் விரைவும் ஓரணியில் அமைந்தன என்று, மொழிப் பயிற்சியுடைய யாம் சொல்லி மகிழ்தலைப் படிப்பவர் பொறுப்பாராக. ஒருவர் அடுத்தவரைப் பாராமலே அவர் நிற்குமிடம் அறிந்து பந்தை அனுப்புவார் எனப் பேசப்பட்டதே அம்மூவருடைய ஆட்டம்.

1910-ஆம் ஆண்டில் அரையிறுதியாட்டத்தில் பழைய கழகமும் பீனிக்ஸும் ஒரே நகரத்தில் எதிரெதிர் நின்றன. சென்ற ஆண்டின் முதல்வரை 2–1 என வென்று, கழகம் இறுதியாட்டத்திற்குச் சென்றது. மே 15-ஆம் நாள் கொலோன் நகரத்தில் ஹோல்ஸ்டைன் கீல் கழகத்தோடு போர். வடக்கே கடற்கரையிலுள்ள கீல் நகரத்தார் எளிதில் விட்டுக்கொடுப்பவர் அல்லர். வகுத்த நேரம் முழுதும் கழிந்தும் இரு பக்கத்தும் கோல் இல்லை. மிகை நேரம் தொடங்கிற்று. 114-ஆம் நிமிடத்தில் கார்ல்ஸ்ரூகேக்கு ஒரு பெனால்ட்டி கிடைத்தது. அணித்தலைவர் மாக்ஸ் பிராய்னிக் அதனைத் தவறாது உள்ளே செலுத்தினார். அந்த ஒரு கோலினால் கழகத்தின் பெயர் நாட்டின் வரிசையில் ஏறியது. அதன்பின் அப்பெயர் அதில் மறுமுறை ஏறவில்லை. 1912-இல் மீண்டும் இறுதியாட்டத்தில் அதே கீல் கழகத்தைச் சந்தித்தது. அப்பொழுதும் 1–0 என்பதே கணக்கு, அப்பொழுதும் பெனால்ட்டியே முடிவு செய்தது, ஆயின் வென்றவர் கீல் நகரத்தார்.

கழகத்தின் ஆட்டக்காரர் தேசிய அணியிலும் நிறைந்திருந்தனர். 1912-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் ஹாலந்து நாட்டு ஸ்வொல்லே நகரில் இரு நாடுகளும் 5–5 எனச் சமனாக ஆடின. ஜெர்மானியரின் ஐந்தில் நான்கு ஹிர்ஷ் அடித்தவை. ஒரே ஆட்டத்தில் ஜெர்மனிக்காக நான்கு கோல் அடித்தவர் அவருக்கு முன் எவரும் இல்லை. அவ்வாண்டு கோடையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் பந்தயம். முதலில் ஆஸ்திரியாவிடம் 5–1 எனத் தோற்ற ஜெர்மானியர், தோற்றவர்க்கென நடத்தப்பட்ட ஆறுதற் போட்டியில் ஜூலை 1-ஆம் நாள் ருஷியாவை எதிர்த்தனர். அன்று புக்ஸ் ஒருவரே பத்துக் கோல் அடித்தார். பெர்டெரர் நான்கு அடித்தார். முடிவு 16–0. ஆறுதற் போட்டியில் அடித்ததாயினும் அடித்தது பத்து என்பதை மறுப்பார் யார்? இன்றளவும் ஜெர்மானியத் தேசிய அணி அதனினும் பெரிய வெற்றி ஒன்றும் பெற்றதில்லை. நாடுகளுக்கிடையே நிகழ்ந்த ஆட்டத்தில் ஒருவர் அடித்த கோல்களின் எண்ணிக்கையில் 1908-இல் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸனும் 1912-இல் புக்ஸும் நிகராய் நின்றனர். 2001-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியரான ஆர்ச்சி தாம்ஸன் பதின்மூன்று அடிக்கும் வரையில் அவர்களை விஞ்சினார் இலர்.

ஹிர்ஷ் பின்பு பியூர்த் நகரத்துக் கழகத்திற்குச் சென்று, அங்கே டவுன்லியின் பயிற்சியில் 1914-இல் மீண்டும் நாட்டு முதன்மை பெற்றார். அவ்வாண்டிலேயே உலகப் பெரும்போர் மூண்டது. புக்ஸும் ஹிர்ஷும் ஜெர்மானியப் படையில் நின்று போராடினர். இருவரும் இரும்புச் சிலுவை என்னும் வீரப் பதக்கம் பெற்றனர். ஹிர்ஷின் உடன்பிறந்தார் ஒருவர் 1918-இல் போர்க்களத்தில் மாண்டார். போர் முடிந்தபின் ஹிர்ஷ் தம் இளமைக் கழகத்திற்கே திரும்பிவந்து, ஓய்வு பெறுமளவும் அதற்கே ஆடினார். பென்ஸெமனோ 1920-ஆம் ஆண்டில் கான்ஸ்டன்ஸ் நகரத்தில் 'கிக்கர்' என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். போரினால் பிரிந்த நாடுகளை விளையாட்டினால் மறுபடியும் பேசவைத்தல் வேண்டும் என்பதே அப்பத்திரிகையில் அவர் ஓயாது எழுதிய பொருள். இன்றும் ஜெர்மனியில் விளையாட்டுச் செய்திக்குப் பெயர்பெற்ற பத்திரிகை அதுவே.

1933-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரல் 7-ஆம் நாள், யூதரை அரசாங்க உத்தியோகங்களினின்று நீக்கும் சட்டம் பிறந்தது. இதற்கு இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 9-ஆம் நாள், தென் ஜெர்மனியின் பெருங்கழகங்கள் பதினான்கு கூடி ஓர் அறிக்கை வெளியிட்டன. புதிய அரசாங்கத்திற்குத் தாங்கள் துணைநிற்பதாகவும், சிறப்பாக விளையாட்டுக் கழகங்களினின்று யூதரை நீக்கும் செயலில் முழு மனத்தோடு ஒத்துழைப்பதாகவும் அவை உறுதி கூறின. கார்ல்ஸ்ரூகேக் கழகம் அப்பதினான்கினுள் ஒன்று. அயலிலிருந்த பீனிக்ஸும் ஒன்று. ஹிர்ஷ் முதன்மை பெற்றுத் தந்த பியூர்த்தும் ஒன்று.

இவ்விடத்தில் சற்று நிற்றல் வேண்டும். அரசாங்கம் ஆணையிட்டது, கழகங்கள் அஞ்சிப் பணிந்தன என்று பிற்காலத்தார் பலர் கூறியதுண்டு. நாள்களை எண்ணிப் பார்ப்பார்க்கு அக்கூற்று நிலைபெறாது. ஏப்ரல் 7-ஆம் நாட் சட்டம் அரசாங்க ஊழியர்க்கு உரியது. பந்தாட்டக் கழகத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஜெர்மானியக் கால்பந்துச் சங்கம் கூட ஏப்ரல் 19-ஆம் நாளளவில்தான், யூதர் தலைமைப் பொறுப்புகளில் இருத்தல் கூடாதென்று அறிவித்தது. பதினான்கு கழகங்களோ பத்து நாள் முந்திக்கொண்டன. கேளாத காணிக்கையைக் கொண்டுபோய்க் காலடியில் வைத்தலை அச்சம் என்று சொல்லத் துணியோம். அறிக்கையில் பெயர் கொடுத்தோருள், 1910-இல் ஹிர்ஷின் ஆட்டத்திற்குக் கைதட்டியவர் எத்துணையர் இருந்திருப்பர் என்று எண்ணாமல் இருக்கவும் எம்மால் இயலவில்லை.

ஹிர்ஷ் அறிக்கையைச் செய்தித்தாளிலே படித்தறிந்தார். கழகத்தார் எவரும் முன்னர் வந்து சொல்லவில்லை. ஏப்ரல் 10-ஆம் நாளே கழகத்திற்கு ஒரு கடிதம் எழுதினார். 1902-ஆம் ஆண்டு முதல் தாம் உறுப்பினராக இருந்துவரும் கழகமும் அப்பட்டியலில் இருப்பதைக் கண்டதாகவும், நெஞ்சு கனக்கத் தம் விலகலைத் தெரிவிப்பதாகவும் அதில் குறித்தார். இப்பொழுது வெறுக்கப்படும் அவ்வினத்தாரிடையே நல்லோரும் உண்டு, நாட்டுப்பற்றைச் செயலாலும் சிந்திய குருதியாலும் காட்டினோரும் உண்டு என்பதை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை என்ற கருத்தும் அதில் உள்ளது. வசைமொழி ஒன்றும் இல்லை. தள்ளப்படுமுன் தாமே விலகிக்கொண்டார். முப்பத்தோராண்டு உறவு ஒரு தாளில் முடிந்தது.

பென்ஸெமனும் தம் பத்திரிகையை விட்டு நீங்க நேர்ந்தது. சுவிட்ஸர்லாந்திற்குச் சென்றார், 1934-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், தாம் சிறுவனாய்ப் பந்தைக் கண்டறிந்த அதே மாந்த்ரே நகரத்தில் உயிர் நீத்தார். 1939-ஆம் ஆண்டில் கிக்கர் பத்திரிகையார் தேசிய அணியில் ஆடியோர் அனைவருடைய படங்களையும் தொகுத்து வெளியிட்டனர். அத்தொகுதியில் புக்ஸ் இல்லை, ஹிர்ஷும் இல்லை. பழைய ஏடுகளை ஒப்பிட்டுப் படிக்கும் யாம், செல்லரித்ததனால் எழுத்து மறைந்த இடங்களை எத்தனையோ கண்டிருக்கின்றோம். இது செல்லரித்த இடமன்று. அறிந்த கை வேண்டுமென்று விட்ட இடம். அதனைச் செய்தது ஒரு யூதர் நிறுவிய பத்திரிகை.

ஹிர்ஷ் யூதருக்கென்றே இருந்த கழகம் ஒன்றில் சிறிது காலம் பயிற்சி அளித்தார். அவர் மனைவியார் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்; இரு மக்கள் இருந்தனர். 1942-இல் திருமணப் பிணைப்பு நீக்கப்பட்டது; மனைவி மக்களைக் காக்கும் எண்ணத்தினால் நேர்ந்தது அது என்பர். ஆயின், கலப்பு மணத்தினால் அவருக்கிருந்த சிறு காப்பும் அத்தோடு நீங்கிற்று. 1943-ஆம் ஆண்டு மார்ச்சு 1-ஆம் நாள் அவரைக் கார்ல்ஸ்ரூகேயிலிருந்து ரயிலேற்றி ஆஷ்விட்ஸ் கொலைக்களத்திற்கு அனுப்பினர். வழியிலே டார்ட்மண்டிலிருந்து அஞ்சல் அட்டை ஒன்று வீட்டிற்கு வந்தது. அதிலுள்ள முத்திரை மார்ச்சு 3-ஆம் நாளைக் காட்டுகின்றது. மகளின் பதினைந்தாம் பிறந்தநாளையொட்டி எழுதிய அதில், தாம் நலமென்றும், மேல் சிலேசியாவிற்குப் போவதாகவும், அதுவும் ஜெர்மனியே என்றும் எழுதியிருந்தார். அதற்குப்பின் ஓர் எழுத்தும் வரவில்லை. 1950-இல் நீதிமன்றம் அவரை இறந்தவராக அறிவித்தது. மக்கள் இருவரும் 1945 பெப்ருவரியில் தெரசியன்ஸ்டட் முகாமிற்கு அனுப்பப்பட்டு, போர் முடிவில் உயிரோடு மீண்டனர்.

புக்ஸ் 1937-இல் நாட்டைவிட்டு வெளியேறி, சுவிட்ஸர்லாந்து, பிரான்சு வழியாக 1940-இல் கானடாவைச் சேர்ந்தார். பெயரையும் காட்பிரே போக்ஸ் என மாற்றிக்கொண்டார். 1954-இல் ஜெர்மனிக்கு உலகக் கோப்பையை வென்று தந்த பயிற்சியாளர் செப் ஹெர்பெர்கர், சிறுவனாயிருந்தபொழுது புக்ஸின் ஆட்டத்தைக் கண்டு மயங்கியவர். அவர் 1972-ஆம் ஆண்டில், மியூனிக் ஒலிம்பிக் அரங்கில் மே மாதம் நிகழவிருந்த ஆட்டத்திற்குப் புக்ஸை விருந்தினராக அழைத்துப் பழைய அநீதிக்குச் சிறிதேனும் ஈடுசெய்யலாகாதோ என்று சங்கத்தாரைக் கேட்டார். இஃது ஒரு முன்மாதிரியாகிவிடும் என்றும், செலவிற்குப் பணம் போதாதென்றும் சங்கத்தார் மறுத்துவிட்டனர். அம்மறுப்பு எழுதப்படுமுன்னரே, பெப்ருவரி 25-ஆம் நாள், புக்ஸ் மாண்ட்ரீல் நகரத்தில் காலமாகியிருந்தார். பத்துக் கோலுக்கு ஒரு விமானச் சீட்டுக்கூட ஈடாகவில்லை!

கழகத்தின் பிற்காலத்தைச் சுருங்கச் சொல்வோம். போருக்குப்பின் சிறிது காலம் முதல் வரிசையில் ஆடி, பின்பு படிப்படியாக இறங்கியது. 1952-இல் பீனிக்ஸ், ம்யூல்புர்க் என்னும் பகுதியின் கழகத்தோடு ஒன்றாகிக் 'கார்ல்ஸ்ரூகேர் ஸ்போர்ட் கிளப்' என்னும் பெருங்கழகமாயிற்று. நகரத்தின் பணமும் பார்வையாளரும் அப்பக்கம் சென்றனர். பழைய கழகம் தனித்தே நின்றது. 1963-இல் நாடு முழுவதற்கும் பொதுவான முதல் வரிசை அமைந்தபொழுது அதிற் சேர்ந்தது புதிய பெருங்கழகமே. தனித்து நின்றதன் விலை கடனாயிற்று. 2004-ஆம் ஆண்டில் கழகம் பொருள் முட்டுப்பாட்டினால் தன் அணியைப் போட்டியினின்று விலக்கிக்கொண்டது. 1905 முதல் தனக்குரியதாயிருந்த திடலையும் இழந்தது. ஆயினும் கழகம் என்னும் பெயரை அன்பர் சிலர் கலைந்துபோக விடவில்லை. சில ஆண்டுகட்குப்பின் கடன் வழக்குத் தீர்ந்து, ஏணியின் கடைசிப் படியிலிருந்து மீண்டும் ஆடத் தொடங்கினர்.

ஜெர்மானியக் கால்பந்துச் சங்கம் 2005-ஆம் ஆண்டில் ஜூலியஸ் ஹிர்ஷ் பெயரால் ஒரு பரிசை ஏற்படுத்தியது. இனவெறுப்பை எதிர்த்து உழைக்கும் கழகங்களுக்கும் மனிதர்க்கும் அப்பரிசு ஆண்டுதோறும் வழங்கப்பெறுகின்றது. 2013-இல் கார்ல்ஸ்ரூகே நகரத்தார் ஒரு வீதிக்கு ஹிர்ஷின் பெயரையும், ஒரு சதுக்கத்திற்குப் புக்ஸின் பெயரையும் சூட்டினர். பள்ளித் தலைவர் பென்ஸெமனை அனுப்பிவைத்த ஆங்கிலேயர் திடல் இன்னும் அந்நகரத்தில் உள்ளது. மாலையிலே சிறுவர் அங்கே பந்து உதைக்கின்றனர்.